ஜமைக்காவில் அசல் பாட்டீஸ்: எந்தக் கடை, எந்த நேரம்?

ஜமைக்காவுக்கு வருகிறவர்கள், மசாலா தடவி விறகுப் புகையில் சுடும் ஜெர்க் சிக்கன் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டால் பதில் சொல்வது சுலபம். பிமென்டோ விறகுப் புகை வருகிற பக்கம் போகச் சொன்னால் போதும். பாட்டீஸ் எங்கே வாங்குவது என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் பங்க், பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி வாசல், ஓட்டல் காலைச் சாப்பாட்டு மேசை என்று தீவில் எங்கு திரும்பினாலும் அது கிடைக்கிறது. எல்லோருமே அசல் ஜமைக்க பாட்டீஸ் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்களும், கப்பலில் வந்து சில மணி நேரம் மட்டும் கரையிறங்குகிறவர்களும் எதைத் தேர்ந்தெடுப்பது? தலைநகர் கிங்ஸ்டனில் நான் வேலை பார்த்த காலத்தில் பல நாள் மதியச் சாப்பாடே பாட்டீஸ்தான். அந்தப் பழக்கத்தை வைத்து எழுதுகிறேன்.

எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஜமைக்க பாட்டீஸ் அரைவட்ட வடிவில், உள்ளங்கை அளவில் இருக்கும். மாவில் மஞ்சள்தூள் அல்லது கறிப்பொடி சேர்ப்பதால் மேலோடு நல்ல மஞ்சள் நிறம். சிலர் அனாட்டோ விதையிலிருந்தும் அந்த நிறத்தை எடுக்கிறார்கள். உள்ளே கொத்திய மாட்டிறைச்சி, வெங்காயத்தாள், தைம் இலை, பிமென்டோ, ஸ்காட்ச் பானட் மிளகாய். பிமென்டோ என்பது நம் ஊர் மளிகைக்கடையில் ஆல்ஸ்பைஸ் என்று கிடைக்கும் காய்தான். அந்த மரத்தின் சொந்த மண்களில் ஜமைக்கா முக்கியமானது. வெந்த கறியோடு ரொட்டித்தூள் சேர்த்துக் கிளறுவார்கள். கெட்டிக் குழம்பு பதத்துக்கு வரும். நம் பேக்கரி பஃப்ஸை நினைத்துக்கொண்டு கடித்தால் வேறு மாதிரி இருக்கும். பஃப்ஸின் மேலோடு காகிதம் காகிதமாக உரியும், உள்ளே இருக்கும் மசாலா உலர்ந்திருக்கும். பாட்டீஸுக்குக் கொழுப்பைச் சில்லென்று வைத்துச் சிறு துண்டுகளாக மாவில் விரவித் தேய்த்து மடிக்கிறார்கள். அடுப்பில் அந்தக் கொழுப்பு உருகிய இடங்களில் மேலோடு பொலபொலவென்று உதிரும். உள்ளே ஈரமும் ஆவியுமாக இருக்கும். முதல் கடியில் நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் தப்புகிறவர்கள் குறைவு.

அசல் என்றதும் ஏதோ ஒரு மலைக்கிராமத்தில், விறகடுப்பில், வயதான அம்மா ஒருவர் சுடுவதைத் தேடிப்போக வேண்டும் என்று நினைக்கிறோம். பாட்டீஸ் விஷயத்தில் அப்படித் தேடினால் நாள்தான் வீணாகும். ஜமைக்கர்களில் பெரும்பாலோர் இதை வீட்டில் செய்வதில்லை. கடையில் வாங்கித்தான் சாப்பிடுகிறார்கள். இது பிறந்த விதமும் அப்படி. மாவில் கறியைப் பொதிந்து சுடும் வழக்கம் ஆங்கிலேயர்களோடு வந்தது. மிளகாய்க் காரம், தைம், பிமென்டோ எல்லாம் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் கைமணம். மஞ்சளும் கறிப்பொடியும் இந்தியக் கூலித் தொழிலாளர்கள் வழியாக வந்தவை. 1845 மே 10 அன்று 'பிளண்டெல்' என்ற கப்பல் கிங்ஸ்டனுக்கு மேற்கே ஓல்ட் ஹார்பர் விரிகுடாவில் முதல் இந்தியர்களை இறக்கியது. 1917 வரை அப்படி வந்தவர்கள் சுமார் 36,000 பேர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களும் உண்டு. அப்புறம், பாட்டீஸைத் தீவு முழுக்கக் கொண்டுபோன பெரிய கடைகளைத் தொடங்கியவர்கள் சீன வம்சாவளி ஜமைக்கர்கள். இத்தனை பேர் கைபட்ட ஒரு பலகாரத்துக்கு ஒரே ஒரு பூர்வீகச் சமையலறையைத் தேடி என்ன பயன்?

என் அளவுகோல் இரண்டே இரண்டுதான். அங்கே உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிறார்களா? தட்டு எவ்வளவு வேகமாகக் காலியாகிறது? இரண்டாவதுதான் முக்கியம், அதற்குக் காரணம் இருக்கிறது. அடுப்பிலிருந்து எடுத்த பாட்டீஸ் கண்ணாடிச் சூட்டுப்பெட்டிக்குப் போகிறது. அங்கே உட்கார உட்கார, உள்ளே இருக்கும் ஈரம் அடிப்பாகத்தில் இறங்கி மாவை நமுத்துப்போக வைக்கிறது; மேற்பாகம் சூட்டில் காய்ந்து வறண்டுவிடுகிறது. எவ்வளவு கைராசியுள்ளவர் சுட்டிருந்தாலும் ரொம்ப நேரம் பெட்டியில் கிடந்தால் அதன் கதை முடிந்தது. அதனால் ஒரே கடையின் பாட்டீஸ் பகல் பன்னிரண்டரைக்கு அபாரமாகவும் சாயங்காலம் நாலு மணிக்குச் சுமாராகவும் இருக்கும்.

இந்த அளவுகோலில் முதலிடம் பெறுபவை, பலர் முகம் சுளிக்கக்கூடிய பெரிய சங்கிலிக் கடைகள்தான். டேஸ்டீ, ஜூசி பாட்டீஸ் என்ற இரண்டு பெயர்களும் ஜமைக்காவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். டேஸ்டீ 1966-இல் வின்சென்ட் சாங் தொடங்கியது, கிங்ஸ்டன்காரர்களின் செல்லம். அவர்கள் நடத்திய திறமைப் போட்டி மேடையில் 1979-இல் வென்றவர்தான் பாடகி நடீன் சதர்லேண்ட். ஒரு பாட்டீஸ் கடை ஊரின் இசையோடும் இப்படிக் கலந்திருக்கிறது என்றால், அந்த ஊரில் அதன் இடம் என்ன என்று புரியும். ஜூசி பாட்டீஸ் கிளாரண்டன் மாவட்டத்து மே பென் ஊரில் 1980-இல் ஆரம்பித்தது. பதின்ம வயதிலேயே அம்மாவின் சமையலறையில் பாட்டீஸ் செய்யத் தொடங்கிய ஜூக்கி சின்தான் அதை வளர்த்தவர். இன்று தீவின் எந்தச் சிற்றூர் வழியாகப் போனாலும் ஜூசியின் கிளை ஒன்று கண்ணில் படும்.

இரண்டில் எது மேல் என்று ஒரு ஜமைக்கரிடம் கேட்டுவிட்டால் அரைமணி நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி இருக்கும். என் நாக்கைக் கேட்டால் மேலோட்டுக்கு டேஸ்டீ. கையில் எடுத்ததும் ஓரங்கள் உதிர்ந்து சட்டையெல்லாம் மஞ்சள் தூளாகும். காரம் தொண்டையில் கொஞ்ச நேரம் நிற்கும். உள்ளே கறி தாராளமாக, ஈரப்பசையோடு வேண்டும் என்றால் ஜூசி. முதல்முறை வருகிறவருக்கு நான் டேஸ்டீயைத்தான் சொல்வேன். பாட்டீஸ் மற்ற பலகாரங்களிலிருந்து தனித்துத் தெரிவதே மேலோட்டில்தான். ஆனால் கிங்ஸ்டனுக்கே வராமல் வடக்குக் கரையோடு திரும்புகிறவர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் எந்தக் கடையில் கூட்டம் இருக்கிறதோ, அங்கே போய்ச் சாப்பிடலாம்.

மதிய நேரத்தில் கிங்ஸ்டன் ஹாஃப் வே ட்ரீ பக்கம் ஒரு பாட்டீஸ் கடைக்குள் நின்று பாருங்கள். காக்கி யூனிபார்ம் போட்ட பள்ளிப் பையன்கள், வங்கி ஊழியர்கள், டாக்சி ஓட்டுநர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த அம்மாக்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். ஒரு பக்கம் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, இன்னொரு பக்கம் அதைக் கொடுத்தால், பெட்டிக்குள் இடுக்கியை விட்டு எடுத்துக் காகிதப் பைக்குள் போட்டுக் கொடுப்பார்கள். பை கைக்கு வருவதற்குள் எண்ணெய் படிந்து ஆங்காங்கே கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். "கோகோ பிரெட் வேணுமா?" என்று கேட்டால் வேண்டும் என்று சொல்லுங்கள். கோகோ பிரெட் என்பது லேசான இனிப்புள்ள, வெண்ணெய் தடவி மடித்துச் சுட்ட மெத்தென்ற ரொட்டி. அதன் மடிப்பைப் பிரித்து நடுவில் பாட்டீஸை வைத்து அழுத்திச் சாப்பிட வேண்டும். மாவுக்குள் மாவா என்று தோன்றும். ரொட்டியின் இனிப்பு ஸ்காட்ச் பானட் காரத்தை அணைக்கிறது, உதிரும் தூளையும் அதுவே பிடித்துக்கொள்கிறது. ஜமைக்கப் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு காலங்காலமாக இதுதான். வெறும் பாட்டீஸ் மட்டும் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினால் பாதிதான் சாப்பிட்டதாக அர்த்தம்.

அடுத்து டெவன் ஹவுஸ். ஜமைக்காவின் முதல் கறுப்பினக் கோடீஸ்வரர் ஜார்ஜ் ஸ்டீபல் 1881-இல் கட்டிய மாளிகை. கிங்ஸ்டன் ஹோப் சாலையில், பாப் மார்லி அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. அந்த வளாகத்து பேக்கரியின் பாட்டீஸுக்குத் தனிப் பெயர் உண்டு. சங்கிலிக் கடை பாட்டீஸைவிட நிதானமாகச் செய்தது என்பது மேலோட்டைப் பார்த்தாலே தெரியும். இறால், சிங்கி இறால் வைத்த வகைகளும் கிடைக்கின்றன, விலை கூடுதல். மாட்டிறைச்சி சாப்பிடாத, ஆனால் கடல் உணவு சாப்பிடுகிற நம்மவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மரநிழலில் உட்கார்ந்து ஆறஅமரச் சாப்பிடலாம், முடித்ததும் பக்கத்திலேயே பேர்போன ஐஸ்கிரீம். குடும்பத்தோடு வருகிறவர்களை நான் இங்கேதான் அனுப்புவேன். சுற்றுலாப் பயணிகளுக்கான இடம் என்று சிலர் ஒதுக்குவது நியாயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் புல்வெளி முழுக்க கிங்ஸ்டன் குடும்பங்கள்தான் உட்கார்ந்திருக்கும். ஆனாலும் தெருவில் நடந்துகொண்டே சாப்பிடுகிற பாட்டீஸின் முரட்டுத்தனம் இதில் இல்லை. ஒரே ஒருமுறை சாப்பிடத்தான் நேரம் என்றால் ஹாஃப் வே ட்ரீ. இரண்டு முறை என்றால் இரண்டாவது டெவன் ஹவுஸ்.

சிற்றூர் பேக்கரிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கும். ரொட்டி, பன், தேங்காய் வைத்த கிஸாடா, நேந்திரம்பழம் மாதிரியான பிளான்டன் பழத்தில் செய்த சிவந்த டார்ட் ஆகியவற்றுக்கு நடுவில் பாட்டீஸும் இருக்கும். காலை அடுப்பு இறங்கும் நேரம் தெரிந்து போனால், சங்கிலிக் கடைகளில் கிடைக்காத ருசி கிடைக்கலாம். காரம் அவரவர் கைப்பக்குவம், மேலோடு தடிமனாகக்கூட இருக்கலாம். மாட்டுக் கொழுப்பையே மாவில் சேர்க்கும் பழைய முறையை விடாத கைகளும் உண்டு. தப்பான நேரத்தில் போனால் நேற்றைய சரக்கைச் சூடு பண்ணிக் கொடுத்துவிடுவார்கள் என்பதுதான் சிக்கல். ஊரில் தெரிந்தவர் இருந்தால், அல்லது ஒரே ஊரில் பல நாள் தங்கினால் மட்டும் இதை முயலுங்கள். அங்கே 'மீட் லோஃப்' என்று ஒன்று கண்ணாடிக்குள் தெரிந்தால் தயங்காமல் வாங்கலாம்: ரொட்டி மாவுக்குள் கொத்துக்கறி வைத்துச் சுட்டது, பாட்டீஸின் சாதுவான உறவுக்காரர். வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

ஓட்டல் பஃபேயில் வைக்கும் குட்டி பாட்டீஸ்களுக்கு காக்டெய்ல் பாட்டீஸ் என்று பெயர். கல்யாண விருந்து, அலுவலக விழா எல்லாவற்றிலும் அவை உண்டு, அந்த வகையில் அவையும் ஜமைக்க வழக்கம்தான். ஆனால் சிறியது என்பதால் மாவு அதிகம், கறி குறைவு. வெளிநாட்டு விருந்தாளிகளுக்காகக் காரத்தையும் குறைத்துவிடுகிறார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு பாட்டீஸ் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

டொரன்டோ தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கார்பரோவில் வார்டன் சுரங்க ரயில் நிலையத்தில் பாட்டீஸ் வாங்கிச் சாப்பிட்டே வளர்ந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். அது போலி என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். 1985-இல் கனடிய அரசு அதிகாரிகள், பர்கரில் வைக்கும் வெறும் இறைச்சித் தட்டைக்குத்தான் 'பீஃப் பாட்டி' என்ற பெயர் பொருந்தும், மாவுக்குள் பொதிந்ததற்கு அந்தப் பெயர் கூடாது என்று டொரன்டோ கடைக்காரர்களுக்கு உத்தரவு போட்டார்கள். கடைக்காரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. விஷயம் ஜமைக்கத் தூதரகம்வரை போய், கடைசியில் 'ஜமைக்க பாட்டி' என்று விற்கலாம் என்று சமரசம் ஆனது. அதன் நினைவாக டொரன்டோவில் பிப்ரவரி 23 பாட்டீஸ் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஊர்விட்டு ஊர் போனவர்கள் இவ்வளவு போராடிக் காப்பாற்றிய பலகாரம் அது. ஆனாலும் தீவில் சாப்பிடும்போது வித்தியாசம் தெரியும், முக்கியமாக மிளகாயில். அன்று பறித்த ஸ்காட்ச் பானட்டில் பழ வாசனை ஒன்று உண்டு, காரம் ஏறுவதற்கு முன்னால் அது மூக்கில் வந்து நிற்கும்.

இனி, மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் என்ன செய்வது? நம்மவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கோழி பாட்டீஸ் எல்லாப் பெரிய கடையிலும் உண்டு, நன்றாகவும் இருக்கும். கறிப்பொடி வாசனை தூக்கலாக இருந்தால் நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு டெவன் ஹவுஸ் என்று மேலேயே சொல்லிவிட்டேன். 'சீஸ் பாட்டீஸ்' என்ற பெயரைப் பார்த்துச் சைவம் என்று நினைத்துவிடக் கூடாது; பெரும்பாலும் அது மாட்டிறைச்சியோடு சீஸ் சேர்த்தது.

முழுச் சைவர்கள் இரண்டு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே இருப்பது காய்கறிதானா என்பது ஒன்று. மேலோட்டு மாவில் என்ன கொழுப்பு சேர்த்திருக்கிறார்கள் என்பது மற்றது. பழைய முறையில் மாட்டுக் கொழுப்புதான். இப்போது தாவர எண்ணெயில் செய்த கொழுப்பையும் பலர் பயன்படுத்துகிறார்கள், ஆனால் கடைக்குக் கடை மாறும். கேட்டால் சொல்வார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சைவம் என்பது ஜமைக்காவில் புதிய விஷயமும் இல்லை: ராஸ்தஃபாரி நெறியைப் பின்பற்றுகிறவர்களில் பலர் இறைச்சி தொடுவதில்லை, 'ஐட்டல்' என்று அவர்களுக்கென்றே ஒரு சமையல்முறை இருக்கிறது. ஐட்டல் கடைகளில் கோதுமை மாவு மேலோட்டில் பருப்பு, சோயா, காய்கறி வைத்த பாட்டீஸ் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். உப்பு மட்டும் குறைவாக இருக்கும். கலலூ பாட்டீஸ் என்று எங்கே பார்த்தாலும் விடாதீர்கள். ஜமைக்காவில் கலலூ என்பது நம் தண்டுக்கீரை, முளைக்கீரை இனத்தைச் சேர்ந்ததுதான். வெங்காயம், தைம், மிளகாய் போட்டு வதக்கிய அந்தக் கீரை உள்ளே இருந்தால், என் கணக்கில் அது மாட்டிறைச்சி பாட்டீஸுக்குக் கொஞ்சமும் இளைத்தது இல்லை. சைவ பாட்டீஸ் சீக்கிரம் விற்றுத் தீர்ந்துவிடும், அல்லது அன்று போடவே மாட்டார்கள். அதனால் பதினொன்றரைக்குள் போய்விடுவது நல்லது.

விலையை வைத்து முடிவு எடுக்கத் தேவையில்லை. சாதாரண மாட்டிறைச்சி பாட்டீஸ் சில நூறு ஜமைக்க டாலர்; அமெரிக்கப் பணத்தில் இரண்டு டாலருக்கு முன்னே பின்னே. சிங்கி இறால் வகைதான் அதைவிடப் பல மடங்கு போகும்.

உங்கள் பயணத்தைப் பொறுத்து இப்படி முடிவு செய்யலாம். கிங்ஸ்டனில் தங்குகிறவர்கள் ஒரு நாள் மதியம் ஹாஃப் வே ட்ரீயில் டேஸ்டீ, கோகோ பிரெட்டோடு. இன்னொரு நாள் மாலை டெவன் ஹவுஸ். கிங்ஸ்டனிலிருந்து மேற்கே காரில் போகிறவர்கள் பழைய சாலையில் போய் ஓல்ட் ஹார்பர் விரிகுடாப் பக்கம் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். நம் ஆட்கள் முதலில் கால் வைத்த கரை அது. அங்கிருந்து மே பென் தூரமில்லை, ஜூசியை அதன் சொந்த ஊரிலேயே சாப்பிட்டுவிடலாம். ஓச்சோ ரியோஸ், ஃபால்மவுத், மான்டேகோ பே துறைகளில் கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் துறைமுக வேலிக்குள் இருக்கும் கடைகளில் வாங்காமல், வெளியே வந்து ஊர்ச் சந்தைப் பக்கம் போக வேண்டும்; மான்டேகோ பேயில் மட்டும் துறை ஊரிலிருந்து தள்ளி இருப்பதால் டாக்சி பிடிக்க வேண்டியிருக்கும். அங்கே பள்ளிப் பிள்ளைகள் நிற்கிற வரிசையில் நீங்களும் நில்லுங்கள். உங்கள் முறை வரும்போது, "இப்போதுதான் அடுப்பிலிருந்து வந்தது எது?" என்று கேட்டு, அதையே வாங்குங்கள்.